மேடை வளர்த்ததா, மேடை தின்றதா? மார்க் ட்வைனின் சொற்பொழிவுப் பயணங்கள் குறித்த நூறாண்டு விவாதம்

மார்க் ட்வைன் மேடையை வெறுத்தார் என்று நிரூபிக்க விரும்புபவருக்கு அவருடைய கடிதங்களே போதும். விரும்பினார் என்று நிரூபிக்கவும் அதே கடிதங்கள் போதும். ரயில் தாமதம், பனி, குளிரெடுக்கும் விடுதி அறை, உள்ளூர்க் குழுவினரின் அன்புத்தொல்லை என்று ஒரு நாள் புலம்பியவர், மறுநாள் அரங்கு நிரம்பிச் சிரிப்பு வெடித்ததை வெற்றிக் களிப்போடு எழுதுகிறார். இனிமேல் மேடையேறுவதில்லை என்று பலமுறை முடிவு கட்டினார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். 1866 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய இந்த உறவு, கட்டணச் சொற்பொழிவு என்ற அளவில், 1896 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில்தான் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

இந்த முப்பதாண்டு மேடை வாழ்க்கை அவருடைய எழுத்துக்கு என்ன செய்தது? கேள்வி அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்துவிட்டது. நீதிபோதகர்களும் வாழ்க்கை வரலாற்றாசிரியர்களும் இலக்கிய விமர்சகர்களும் பிற்கால இனவரலாற்று ஆய்வாளர்களும் தங்கள் தங்கள் காலத்துக்கேற்ப விடை சொல்லியிருக்கிறார்கள். விடைகள் மாறுபடுவதற்கு ஒரு எளிய காரணமும் உண்டு. ‘மேடை’ என்று எல்லோரும் சொன்னாலும், ஒவ்வொருவர் மனத்திலும் இருப்பது வேறு வேறு பயணம்.

சிரிப்புக்கு விலை வந்த காலம்

ஜோசையா ஹோல்புரூக் 1826இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மில்பரி என்ற ஊரில் தொடங்கி வைத்த லைசியம் இயக்கம், முதலில் சிரிக்க வைப்பதற்காக ஏற்பட்டதன்று. ஊர்மக்கள் கூடி அறிவியலும் ஒழுக்கமும் வரலாறும் கேட்டுப் பயன்பெற வேண்டும் என்பதே நோக்கம். எமர்சன் போன்றவர்கள் குளிர்காலந்தோறும் ஊர் ஊராகச் சென்று பேசினார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் ரயில்பாதைகள் பரவியதும் இந்தப் பழக்கம் தொழிலாக மாறியது. 1868இல் ஜேம்ஸ் ரெட்பாத் பாஸ்டனில் ஒரு சொற்பொழிவு முகவரகம் திறந்தார். அதுவரை ஒவ்வொரு ஊர்க் குழுவும் பேச்சாளருக்குத் தனித்தனியே கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. ரெட்பாத் ஊர்களை ரயில் வழிப்படி கோத்து, இரவுக்கு ஓர் ஊராகப் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்தார். கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அவருக்குக் கமிஷன்.

இந்தச் சந்தைக்குள் நகைச்சுவையாளர்கள் நுழைய வழி திறந்தவர்களில் முதன்மையானவர் ஆர்ட்டிமஸ் வார்டு. இயற்பெயர் சார்லஸ் ஃபரார் பிரவுன். ‘காட்டில் குழந்தைகள்’ என்று தலைப்பை அறிவித்துவிட்டு, அந்தக் குழந்தைகளைப் பற்றிக் கிட்டத்தட்ட ஒன்றுமே பேசாமல் இறங்கிவிடுவார். முகத்தில் சிரிப்பின் நிழலே இருக்காது. கூட்டம் ஏன் சிரிக்கிறது என்று புரியாதவர்போல் நிற்பார். 1863 டிசம்பரில் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டிக்கு அவர் வந்தபோது உள்ளூர்ப் பத்திரிகையில் வேலை பார்த்த சாமுவேல் கிளெமென்ஸ் அவரோடு பழகினார். அந்த நிருபர்தான் மார்க் ட்வைன். வார்டு 1867 மார்ச்சில் இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் காசநோயால் இறந்தபோது அவருக்கு 32 வயது. ஜாஷ் பில்லிங்ஸ் பாலைப் பற்றிப் பேசுவதாக அறிவித்து, மேசைமேல் ஒரு தம்ளர் பாலை வைத்துக்கொண்டு, கடைசிவரை பாலைக் குறிப்பிடவே மாட்டார். பெட்ரோலியம் நாஸ்பி என்ற பெயரில் எழுதிய டேவிட் ராஸ் லாக் நேர்மாறு. அடிமைமுறையைத் தாக்கும் தன் உரையைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஒரு சொல் மாறாமல் படிப்பார். மூவரும், அதாவது நாஸ்பியும் பில்லிங்ஸும் ட்வைனும், 1869இல் பாஸ்டனில் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் இன்றும் புத்தகங்களில் வருகிறது.

பாஸ்டன்தான் தேர்வு மண்டபம். அங்கே தேறினால்தான் மற்ற ஊர்க் குழுக்கள் அழைக்கும். அதனால் பேச்சாளர்கள் முதலில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பேசி, எங்கே சிரிப்பு வருகிறது, எங்கே வரவில்லை என்று பார்த்துச் செப்பனிட்ட பிறகே பாஸ்டனில் தலைகாட்டுவார்கள் என்று ட்வைன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கோமாளி என்ற குற்றச்சாட்டு

முதல் விடை கண்டனமாக வந்தது. ‘ஸ்கிரிப்னர்ஸ் மந்த்லி’ இதழின் ஆசிரியர் ஜோசையா கில்பர்ட் ஹாலண்ட், 1872இல் மேடைக் கோமாளிகளைச் சாடி எழுதினார். மக்களை உயர்த்தப் பிறந்த லைசியத்தை இவர்கள் வேடிக்கைக் கொட்டகையாக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். ஹாலண்டும் அதே சுற்றில் கட்டணம் வாங்கிப் பேசியவர் என்பதை மறக்கலாகாது. ஆனால் தொழிற்போட்டி என்று மட்டும் இதைத் தள்ளிவிடவும் முடியாது. லைசியத்தின் கல்வி நோக்கம் தேய்ந்தது உண்மை. பழுது காரணத்தில்தான் இருக்கிறது. நகைச்சுவையாளர்கள் வருவதற்கு முன்பே இரவுக் கட்டணம், விளம்பரம், ‘நட்சத்திரப்’ பேச்சாளர் என்ற ஏற்பாடெல்லாம் வந்துவிட்டன. மதுவிலக்குப் பேச்சாளர் ஜான் கஃப் நாடகக்காரரைப்போல் மேடையில் நடித்துக் காட்டிப் பெரும்பணம் ஈட்டியவர்; அவரை யாரும் கோமாளி என்று சொல்லவில்லை.

கடன்காரனின் மேடை

இரண்டாவது விடை பணம். ட்வைன் வேறு வழியில்லாதபோதெல்லாம் மேடைக்கு வந்தார். ஆகவே அது எழுத்திலிருந்து திருடப்பட்ட நேரம் என்பது. 1895–96 உலகப் பயணம் இந்த வாதத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பெய்ஜ் அச்சுக்கோப்பு இயந்திரத்தில் கொட்டிய பணம் போயிற்று. அவருடைய சார்லஸ் வெப்ஸ்டர் பதிப்பகம் 1894 ஏப்ரலில் நொடித்தது. கடன் சுமார் ஒரு லட்சம் டாலர். சட்டப்படி முழுவதையும் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லாதிருந்தும் தீர்ப்பதாக அறிவித்து, மனைவி ஒலிவியாவோடும் மகள் கிளாராவோடும் 60 வயதை நெருங்கும்போது புறப்பட்டார். கிளீவ்லாந்தில் தொடங்கி வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா. வழியெல்லாம் ராஜபிளவைக் கட்டி. பயணம் முடிந்து இங்கிலாந்தில் இருந்தபோது, ஊரில் விட்டுவந்த மூத்த மகள் சூசி 1896 ஆகஸ்டில் மூளைக்காய்ச்சலில் இறந்த செய்தி வந்தது. 1898 தொடக்கத்தில் கடன் தீர்ந்தது.

ஆனால் முதல் பயணங்களுக்கு இந்த வாதத்தை நீட்டினால் அது தடுமாறுகிறது. 1866இல் ஹவாயிலிருந்து திரும்பிய 30 வயது நிருபருக்கு மேடை என்பது முன்னேற்றம். ஜஸ்டின் கேப்லனின் 1966ஆம் ஆண்டு வாழ்க்கை வரலாறு பணத்தை நுட்பமாகவே கையாள்கிறது. ட்வைனுக்குப் பணம் தேவை மட்டுமன்று, மயக்கமும்கூட என்று காட்டுகிறது. 1884–85இல் நாவலாசிரியர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிளோடு போன பயணத்தில் ட்வைனே முதலாளி. கேபிளுக்கு வாரம் 450 டாலரும் செலவும் கொடுத்தார். மேஜர் பாண்ட் நிர்வாகி. ‘ஹக்கிள்பெர்ரி ஃபின்’ வெளிவரும் நேரம், அதைப் பதிப்பிப்பதும் அவருடைய சொந்தப் பதிப்பகம். இதைக் கடன்காரனின் மேடை என்பதைவிட வியாபாரியின் மேடை என்பது பொருத்தம். பணத்தேவை ஓய்ந்த பிறகும் அவர் இலவசமாகப் பேசுவதை நிறுத்தவில்லை. 1906 ஏப்ரலில் நியூயார்க் கார்னகி அரங்கில் ஒரு நினைவுச்சின்ன நிதிக்காக ‘விடைபெறும் சொற்பொழிவு’ நிகழ்த்தியவர், அதன் பிறகும் விருந்துமேடைகளில் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

புரூக்ஸும் டிவோட்டோவும்

இருபதாம் நூற்றாண்டில் விவாதத்துக்குச் சூடு ஏற்றியவர் வான் விக் புரூக்ஸ். 1920இல் வந்த ‘மார்க் ட்வைனின் சோதனை’ என்ற நூலில், பெருங்கலைஞனாக வந்திருக்க வேண்டிய ஒருவனைத் தாயும் மனைவியும் பணவேட்டைச் சமூகமும் சேர்ந்து முடக்கிவிட்டதாக வாதிட்டார். நகைச்சுவையே ஒரு சமரசம். மேடை அந்தச் சமரசத்தின் உச்சம். பெர்னார்ட் டிவோட்டோ 1932இல் இதற்குப் பதிலடி கொடுத்தார். மேற்கின் சுரங்க முகாம்களிலும் ஆற்றுப் படகுகளிலும் கதை சொல்லும் மரபே ட்வைனின் கலைக்கு வேர். வாய்மொழியை நீக்கிவிட்டால் ட்வைனே இல்லை என்றார்.

இந்தச் சண்டையைப் படிப்பது சுவையானது. ஆனால் மேடை விஷயத்தில் இருவரிடமிருந்தும் கிடைப்பது குறைவு. புரூக்ஸ் உளவியல் ஊகத்தைச் சான்றாக்குகிறார். 1933 பதிப்பில் தாமே பல இடங்களைத் திருத்தினார். டிவோட்டோ சொல்லும் மேற்கும் சொற்பொழிவுச் சுற்றும் ஒன்றல்ல. ட்வைன் அதிகம் பேசியது சுரங்க முகாம்களில் அன்று. நியூ இங்கிலாந்து, நியூயார்க், ஒஹையோ, இல்லினாய் மாநிலங்களின் நகர மண்டபங்களிலும் தேவாலயங்களிலும். எதிரே அமர்ந்திருந்தது குடும்பத்தோடு வந்த நடுத்தர வர்க்கம். அடுப்படிக் கணப்பைச் சுற்றிக் கதை கேட்ட கூட்டமும், சீட்டு வாங்கி உட்கார்ந்த கூட்டமும் ஒரே மாதிரி சிரிக்கும் என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை.

ஆவணக்காரர்கள் காட்டிய சிக்கல்

தகராறை விட்டுத் தகவலுக்கு வந்தவர்கள் மூவர். கை கார்ட்வெல் 1953இல் கேபிள் பயணத்தையும், பால் ஃபேட்டவுட் 1960இலும் ஃபிரெட் லார்ச் 1968இலும் எல்லாச் சுற்றுகளையும் ஆராய்ந்தார்கள். ஊர், தேதி, கட்டணம், உள்ளூர்ப் பத்திரிகை விமர்சனம் என்று திரட்டியபோது தெரியவந்தது, வெற்றி எங்கும் உறுதியாக இல்லை என்பது. 1868–69இல் இரவுக்கு 100 டாலர் அளவில் வாங்கிய ‘வெளிநாட்டில் அமெரிக்கக் காட்டான்’ என்ற உரை நன்றாக எடுபட்டது. 1871–72இலோ முதல் உரை விழுந்தது. அதைக் கைவிட்டு ஆர்ட்டிமஸ் வார்டு பற்றி ஓர் உரை எழுதினார், அதிலும் நிறைவில்லை. கடைசியில் அச்சிலிருந்த ‘ரஃபிங் இட்’ நூலிலிருந்தே பகுதிகளை எடுத்துப் பேசித் தப்பித்தார். அப்படியானால் இங்கே மேடை புத்தகத்துக்கு ஊட்டவில்லை. புத்தகம்தான் மேடையைக் காப்பாற்றியது.

இந்த ஆய்வாளர்களை விடாது துரத்திய சிக்கல் மூலப் பிரதி. தன் உரையைச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பத்திரிகையில் போட்டுவிட்டால் அடுத்த ஊரில் நகைச்சுவை பழசாகிவிடும் என்பதால் ட்வைன் நிருபர்களோடு ஓயாமல் மல்லுக்கட்டினார். அவர் தடுத்தும் மீறி அச்சானவற்றை வைத்துத்தான் இன்று உரைகள் மீட்டெடுக்கப்படுகின்றன. குரல் பதிவு ஒன்றுகூட எஞ்சவில்லை. 1891இல் ஒரு நாவலை மெழுகு உருளைகளில் சொல்லிப் பார்த்தார், அவை தொலைந்தன. அவரை நேரில் அறிந்த நடிகர் வில்லியம் ஜில்லெட் 1934இல் ஹார்வர்டில் செய்த பாவனைப் பதிவு ஒன்று இருக்கிறது. பாவனையை எவ்வளவு நம்புவது?

போதாததற்கு, ஹால் ஹோல்புரூக் 1950கள் முதல் அறுபதாண்டுக்கு மேல் நடத்திய தனிநபர் நாடகம் இன்னொரு திரையை விரித்துவிட்டது. வெள்ளைக் கோட்டு, நரைத்த தலை, சுருட்டு. பொதுமக்கள் மனத்தில் சொற்பொழிவாளர் ட்வைன் என்றால் அதுதான். ஆனால் வெள்ளை உடையோடு அவர் பொது இடத்தில் பரபரப்பாகத் தோன்றியது 1906 டிசம்பரில், பயணங்கள் எல்லாம் முடிந்து பத்தாண்டு கழித்து. ரெட்பாத் அனுப்பிய மனிதர் செம்பட்டை முடியும் கருப்பு மாலையுடையுமாக நின்ற முப்பதுகளின் வயதுக்காரர்.

நகமும் வைக்கோல்போரும்

உண்மையில் மேடையில் என்ன நடந்தது என்பதற்கு மிக நெருக்கமான சாட்சி ட்வைனின் தொழில்நுட்பக் குறிப்புகள். ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் வரியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார். தாளின் வரிசை குழம்பியது. பிறகு அந்த வரிகளின் முதலெழுத்துகளை விரல் நகங்களில் மையால் எழுதினார். எந்த விரல்வரை வந்தோம் என்பது மறந்துபோகும். முடிந்த எழுத்தை நக்கி அழித்தால் கூட்டம் சந்தேகப்படும். ஏற்கெனவே இவர் பேச்சைவிடத் தன் நகத்தில்தான் அக்கறையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் படங்கள் வரைந்தார். ஒரு வைக்கோல்போர், அதன் கீழே நெளிகோடாக ஒரு பாம்பு: கார்சன் பள்ளத்தாக்குப் பண்ணை வாழ்க்கை. சில சாய்கோடுகள்: கார்சன் சிட்டியின் பிற்பகல் காற்று. ஒரு மின்னல்: இடியும் மின்னலும் இல்லாத சான் ஃபிரான்சிஸ்கோ. படத்தை வரைந்ததும் தாளை எறிந்துவிடலாம், மனத்தில் நிற்கும்.

இந்தக் குறிப்பில் ஒரு செய்தி புதைந்திருக்கிறது. சொற்பொழிவு ஒரு வாதமாக அமையவில்லை. தனித்தனிக் காட்சிகளின் கோவையாக இருந்தது, இடையிலுள்ள பாலங்கள் அன்றன்று போடப்பட்டன. ‘ரஃபிங் இட்’ போன்ற நூல்களின் கட்டமைப்பும் அதுதான். 1884இல் கேபிளோடு புறப்பட்டபோது, 1868 தொடக்கத்தில் நியூயார்க்கில் டிக்கன்ஸ் செய்ததுபோலப் புத்தகத்தைக் கையில் வைத்துப் படிக்கத் தொடங்கினார். எடுபடவில்லை. அச்சுக்கு எழுதிய வாக்கியம் வாய்க்கு விறைப்பாக இருந்தது. உடைத்து, தளர்த்தி, மனப்பாடம் செய்து, பேசுவதுபோல் சொன்ன பிறகே கூட்டம் இளகியது. ‘கதை சொல்வது எப்படி’ என்ற 1895ஆம் ஆண்டுக் கட்டுரையில் மௌன இடைவெளியைப் பற்றி அவர் தரும் விளக்கம் இந்த அனுபவத்தின் சாறு. ‘தங்கக் கை’ பேய்க்கதையின் முடிவுக்கு முன் விடும் இடைவெளி ஒரு நொடி கூடினாலும் குறைந்தாலும் கதை செத்துவிடும்.

இதிலிருந்து, மேடையே அவருடைய உரைநடையைச் செய்தது என்று முடிவுகட்டப் பலர் அவசரப்பட்டிருக்கிறார்கள். மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன. சலனமில்லாத முகத்தோடு கதை சொல்லும் உத்தி முழுமையாக அமைந்த ‘துள்ளும் தவளை’ 1865 நவம்பரில் அச்சானது. முதல் பெரிய சொற்பொழிவுக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பு. வார்டும் நாஸ்பியும் பில்லிங்ஸும் மேடையிலேயே வாழ்ந்தவர்கள். அவர்கள் நூல்களை இன்று ஆய்வாளர்தான் தேடிப் படிக்கிறார். மூன்றாவது, ‘மாமா ரீமஸ்’ கதைகளின் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ். கூச்சத்தால் நண்பர்கள் முன்னால்கூடப் படிக்க மறுத்தவர் என்று ட்வைனே எழுதியிருக்கிறார். கேபிளுக்கு முன் அவரை மேடைத் துணையாக்கவும் ட்வைன் ஆசைப்பட்டதுண்டு. பேச்சு வழக்கை அச்சில் நிறுத்துவதில் அந்தக் காலத்தில் ஹாரிஸுக்கு இணையானவர் மிகச் சிலர். மேடை தேவையாகவும் இல்லை, தனித்துப் போதுமானதாகவும் இல்லை.

யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்?

கடந்த நாற்பதாண்டில் கேள்வி திசை திரும்பியிருக்கிறது. ஹவாய்த் தீவினர் பற்றிய உரைக்கு ‘நம் சக காட்டுமிராண்டிகள்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார். வெள்ளையரையும் சேர்த்துக் கிண்டல் செய்கிறது என்று ஒரு தரப்பு. அந்த நுட்பம் கைதட்டிய கூட்டத்தை எட்டியதா என்று மறுதரப்பு. 1884–85இல் ‘ஹக்கிள்பெர்ரி ஃபின்’ நாவலில் ஹக்கும் கறுப்பின அடிமை ஜிம்மும் சாலமோன் அரசனைப் பற்றி வாதிடும் பகுதியை ட்வைன் படித்தார். 1885 ஜனவரியில் கேபிள் தென்மாநிலக் கறுப்பர்களின் உரிமைக்காக ‘செஞ்சுரி’ இதழில் எழுதிய கட்டுரை தெற்கில் கொந்தளிப்பை உண்டாக்கியது. மேடையிலோ அதே கேபிள் தன் நாவலிலிருந்து படித்துக் கிரியோல் பாடல்களைப் பாடினார். ஜிம்மின் தர்க்கத்தில் கூட்டம் ஒரு கூரிய அறிவைக் கண்டதா, முகத்தில் கரி பூசிய நாடகக் கோமாளியைக் கண்டதா? பத்திரிகைக் குறிப்புகள் சிரிப்பைப் பதிவு செய்கின்றன. சிரிப்பின் காரணத்தைப் பதிவு செய்வதில்லை.

இந்த இடத்தில் ஷெல்லி ஃபிஷர் ஃபிஷ்கின் 1993இல் முன்வைத்த வாதம் முக்கியமானது. 1871–72 பயணத்தில் ஒரு விடுதி அறைக்கு உணவு கொண்டுவந்த கறுப்பினச் சிறுவனின் ஓயாத பேச்சில் ட்வைன் கட்டுண்டு உட்கார்ந்தார். 1874இல் அதைக் ‘கலகலப்பான ஜிம்மி’ என்ற சிறு சித்திரமாக ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் வெளியிட்டார். ஹக்கின் குரலுக்கு ஓர் ஊற்று அந்தச் சிறுவன் என்கிறார் ஃபிஷ்கின். ஒரே சித்திரத்தின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. ஹக்குக்கு வேறு முன்மாதிரிகளும் உண்டு. ஆயினும் சிறுவர் கதைசொல்லியின் கண்வழி ஒரு பத்தி முழுவதையும் ட்வைன் ஓடவிட்ட தொடக்க முயற்சிகளில் அது ஒன்று என்பதை மறுப்பது கடினம்.

உலகப் பயணத்திலும் இதே வகையான சான்றுதான் வலுவாக இருக்கிறது. கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரும் ஆங்கிலம் படித்த மேல்தட்டும். சொன்னவை பழகிய கதைகள். சென்னையில் கப்பல் ஒரு நாள் நின்றது, இலங்கையில் இரண்டு மூன்று நாள். ‘நிலநடுக்கோட்டைப் பின்தொடர்ந்து’ நூலில் கொழும்புத் தெருவின் உடை நிறங்களைக் கண்டு சொக்கிப்போனவர், அந்த நிறங்களுக்கு நடுவே ஐரோப்பிய உடை மாட்டிவிடப்பட்ட மிஷன் பள்ளிச் சிறுமிகளைக் கண்டு கசந்துகொள்கிறார். பம்பாய் விடுதியில் ஒரு ஜெர்மானியர் வேலைக்காரரைக் கன்னத்தில் அறைகிறார். அறை வாங்கியவர் முனகாமல் தன் வேலையைத் தொடர்கிறார். அந்தக் கணத்தில் மிசௌரியில் தான் சிறுவனாகக் கண்ட அடிமை வாழ்க்கை முழுவதும் ட்வைனின் நினைவில் எழுகிறது. நூலின் கனத்த பக்கங்கள் அவை. அன்றிரவு நிகழ்ச்சியில் அவற்றுக்கு இடமில்லை.

விவாதம் முழுவதும் இரவில் ஒன்றரை மணி நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது என்று தோன்றுகிறது. மீதி இருபத்திரண்டரை மணி நேரம் ரயிலிலும் விடுதியிலும் கப்பல் தளத்திலும் கழிந்தது. ஜிம்மியும் பம்பாய் வேலைக்காரரும் மேடை தந்தவர்களல்லர். மேடைக்குப் போகும் வழியில் எதிர்ப்பட்டவர்கள். சொற்பொழிவு இல்லாவிட்டால் அந்த வழியும் இல்லை.

தீராதவை

இந்த வாசிப்பையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். மேடைக்கு வெளியே நடந்தவற்றை நாம் அறிவது பெரும்பாலும் ட்வைன் எழுதியதால். எழுதும்போது மெருகேற்றுவது அவர் தொழில். 1900க்குப் பின் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் துணைத் தலைவராகும் அளவுக்கு அவர் மாறியதில் உலகப் பயணத்தின் பங்கு எவ்வளவு, பிலிப்பைன்ஸ் போரின் பங்கு எவ்வளவு என்பதும் பிரித்தெடுக்கப்படவில்லை.

ஒரு முனையில் முன்னேற வாய்ப்பு இருக்கிறது. பெர்க்லியின் பான்கிராஃப்ட் நூலகத்திலுள்ள மார்க் ட்வைன் ஆவணத் திட்டம் கடிதங்களை விரிவான குறிப்புகளோடு வெளியிட்டுள்ளது. உள்ளூர்ப் பழம்பத்திரிகைகள் கணினியில் தேடும் நிலைக்கு வந்துவிட்டன. கேபிள் பயணத்தில் நிகழ்ச்சி நிரல் அடிக்கடி மாறியது. சாலமோன் பகுதி எந்த ஊரில் இருந்தது, எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், கூட்டத்தின் சிரிப்பு ட்வைனின் தேர்வை எவ்வளவு வளைத்தது என்பதற்கு முதல்முறையாக ஓரளவு நம்பகமான விடை கிடைக்கலாம். ஆனால் ஒரு பகுதியை அவர் நிறுத்தியது கூட்டம் சிரிக்காததாலா, சொல்லிச் சொல்லித் தனக்கே சலித்ததாலா, கேபிள் நேரத்தை எடுத்துக்கொண்டு தனக்கு மிச்சம் வைக்கவில்லை என்ற எரிச்சலாலா என்பதை நிரல் மட்டும் சொல்லாது.